கழிவில் பிறக்கும் வடிகட்டி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வி உதவி, திருமண உதவி, மருத்துவ உதவி என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று கரியையும் துருவையும் பற்றிப் பேசப் போகிறோம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் நம் ஊர் இளைஞர்கள் இருவர் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவர் டிப்ளமா முடித்தவர். இன்னொருவரின் தந்தை டேனரியில் ஷேவிங் மெஷினில் வேலை பார்க்கிறவர். மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும் தோல் ஷேவிங் தூளை டிரம்மில் போட்டுச் சுட்டுக் கரியாக்கலாம், அந்தக் கரியை வைத்துக் குடிநீர் வடிகட்டி செய்யலாம், முதலில் மத்ரஸாவுக்கு ஒன்று வைத்துத் தருகிறோம், ஆரம்பத் தொகைக்கு அறக்கட்டளை கைகொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

நல்ல எண்ணம். அதில் சந்தேகமே இல்லை. நிர்வாகக் குழுவில் இரண்டு அமர்வுகள் இதைப் பற்றிப் பேசினோம், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டோம். முடிவை மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே யோசனை வேறு வீடுகளிலும் வேறு உருவத்தில் வரக்கூடியது. அதனால் காரணத்தையும் எல்லோர் முன்னிலும் வைக்கிறோம்.

முதலில் ஒரு சொல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பரப்புக் கவர்தல்' என்று படித்திருப்பீர்கள். பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொள்வது உறிஞ்சுதல். தண்ணீர் பஞ்சின் உள்ளே போய் நிறைகிறது. பரப்புக் கவர்தல் அது அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் நிறமோ, நாற்றமோ, விஷமோ ஒரு பொருளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்வது. ஒட்டுவதற்கு இடம் வேண்டும், எனவே பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. நல்ல முறையில் தயாரித்த கிளர்வூட்டப்பட்ட கரி ஒரே ஒரு கிராம் எடுத்து, அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். மனைக்கணக்கில் சொன்னால் நான்கு கிரவுண்டுக்கும் மேல். ஒரு சிட்டிகைக் கரிக்குள் நான்கு கிரவுண்டு!

இந்த வேலையைக் கழிவுப் பொருள்களை வைத்தே செய்யலாம் என்பது கற்பனை அல்ல. அனல் மின்நிலையச் சாம்பலில் சிலிகாவும் அலுமினாவும் இருக்கின்றன. அதைச் சூடான காரக் கரைசலில் வேகவைத்தால் ஜியோலைட் என்ற பொருளாக மாறுகிறது. அது ஈயம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினிய ஆலைகளில் மிஞ்சும் செஞ்சேற்றையும் பக்குவப்படுத்தி ஃபுளூரைடு, ஆர்செனிக் பிடிக்கப் பார்க்கிறார்கள். இவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. ஊருக்குள் வந்து மனிதர்களுக்குப் பயன்பட்டவை குறைவு. அப்படி வந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வங்கதேசத்தில் ஒரு காலத்தில் மக்கள் குளத்து நீரைக் குடித்தார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் ஏராளமாக இறந்தார்கள். அதைத் தடுக்க 1970களிலிருந்து யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு நாடெங்கும் அடிபம்பு போட்டார்கள். லட்சக்கணக்கில் போட்டார்கள். குளத்துக் கிருமியிலிருந்து பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் அந்த மண்ணின் அடியில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்தது யாருக்கும் தெரியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. 1993ல்தான் அங்கே கிணற்று நீரில் அது இருப்பது உறுதியானது. அதற்குள் பலருடைய உள்ளங்கையும் பாதமும் காய்த்துக் கெட்டியாகி, தோலில் புள்ளிகள் விழ ஆரம்பித்திருந்தன. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் புற்றுநோய். மூன்றரைக் கோடிப் பேருக்குக் குறையாமல் ஆபத்தில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். வரலாற்றிலேயே ஒரு நாட்டு மக்களுக்கு இவ்வளவு பெரிய அளவில் விஷம் ஏறியது இதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு எழுதினார்கள். விஷமுள்ள பம்புக்குச் சிவப்பு, நல்ல பம்புக்குப் பச்சை என்று பெயின்ட் அடித்தார்கள். சிவப்புப் பம்பு மட்டுமே இருக்கும் தெருவில் குடியிருப்பவர் என்ன செய்வார்?

குஷ்டியா என்ற ஊரில் பிறந்து அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் அபுல் ஹுஸ்ஸாம். அவருடைய குடும்பத்தார் குடித்து வந்த கிணற்றிலேயே ஆர்செனிக் இருந்தது. அவரும், ஊரிலேயே மருத்துவராக இருந்த அவருடைய சகோதரரும் சேர்ந்து ஒரு வழி தேடினார்கள். அவர்கள் கையில் எடுத்த பொருள் எது தெரியுமா? லேத் பட்டறையில் வார்ப்பிரும்பைக் கடைசல் பிடிக்கும்போது கீழே உதிருமே, அந்தத் துருவல். எடைக்குப் போடும் சரக்கு.

இரும்பு தண்ணீரில் துருப்பிடிக்கும். நாம் துரு என்றால் கெட்டது என்று நினைக்கிறோம். ஆர்செனிக்குக்கு அந்தத் துருவின் மேல் பெரிய ஈர்ப்பு. துருவின் பரப்பில் போய் வேதிப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்குச் சிரமமான வடிவத்தில் இருக்கும் ஆர்செனிக்கையும், இரும்பு துருப்பிடிக்கும்போது நடக்கும் மாற்றம் ஒட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடுகிறது. மின்சாரம் வேண்டாம், மருந்து கலக்க வேண்டாம்.

முதலில் மூன்று மண்குடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்து பார்த்தார்கள். அங்கே குடத்துக்குக் 'கொல்ஷி' என்று பெயர், நம் கலசம் என்ற சொல்லின் உறவு. வேலை செய்தது. ஆனால் கொஞ்ச நாளில் இரும்புத் துருவல் கட்டிப்பட்டு இறுகி, தண்ணீர் இறங்குவது நின்றுபோனது. துருவலைப் பதப்படுத்தி, நீர் ஊடுருவிச் செல்லும் துளைகளுள்ள கட்டியாக்கிய பிறகுதான் அது நிலைத்தது. இப்போதுள்ள அமைப்பில் இரண்டு வாளிகள். மேல் வாளியில் மணல், இரும்புக் கட்டி, மறுபடி மணல். கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் ஜல்லி. இதற்கு 'சோனோ' வடிகட்டி என்று பெயர். 2007ல் அமெரிக்கப் பொறியியல் அகாதெமி இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு கொடுத்தது. ஹுஸ்ஸாம் அதில் நூற்றுக்கு 70 பங்கை ஏழைகளுக்கு வடிகட்டி கொடுக்கவும், 25 பங்கை மேற்கொண்டு ஆராய்ச்சிக்கும், மீதி 5 பங்கைத் தம் பல்கலைக்கழகத்துக்கும் ஒதுக்கினார். ஸதகா ஜாரியா என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். ஓடிக்கொண்டே இருக்கும் தர்மத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது பரிசு அல்ல. அவர்கள் செய்த சோதனைகள்தான். ஆய்வகத்தில் சுத்தமான தண்ணீரில் ஒரே ஒரு விஷத்தைக் கலந்து, ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கி, 98 சதவீதம் நீங்கியது என்று எழுதுவது சுலபம். கிணற்று நீரில் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும். அவையும் அதே துருவில் ஒட்டுவதற்கு முண்டியடிக்கும். பஸ்ஸில் ஸீட் பிடிப்பது போலத்தான். ஆகவே உண்மையான கிணற்று நீரை வைத்து, நாள் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வடிகட்டியிலிருந்து வேறு ஏதேனும் கெட்ட பொருள் நீரில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் அந்த விஷம் ஏறிய இரும்பைத் தூக்கிப் போட்டால் மழையில் கரைந்து திரும்பவும் மண்ணுக்குப் போகுமா என்றும் பார்க்க வேண்டும். அவர்கள் இந்த மூன்றையும் பார்த்தார்கள். கழிவிலிருந்து வடிகட்டி செய்கிறோம் என்று யார் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் தோல் தொழிலால் சாப்பிடாத குடும்பம் நம் சமுதாயத்தில் அரிது. பள்ளிக்கூடமும் கல்லூரியும் மருத்துவமனையும் அந்தத் தொழிலின் வருமானத்தில் எழுந்தவை. அதே தொழில் நம் கிணறுகளை என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகச் சொல்லும் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கும் அதில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது நம்மில் சிலருக்கு மனம் வருந்தும். தொழிலைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டுப்போன கிணறுகளில் நம்முடையவையும் உண்டு.

டேனரிக்குள் போகும் 1000 கிலோ உப்புத் தோலிலிருந்து வெளியே வரும் பதனிட்ட தோல் சுமார் 200 கிலோதான். மீதி ஜவ்வு, கொழுப்பு, ட்ரிம்மிங், ஷேவிங், பஃபிங் தூசி என்று போகிறது. பழைய முறையில் குரோம் போட்டால் தோல் எடுத்துக்கொள்வது நூறில் 60, 70 பங்கு, மீதி தண்ணீரில். ஷேவிங் தூள் வெட் புளூ தோலிலிருந்து வருவது என்பதால் அதிலும் குரோமியம் இருக்கிறது. அந்த நீல நிறமே அதற்குச் சாட்சி.

குரோமியத்துக்கு இரண்டு முகம். தோலில் இருப்பது மூன்று இணைதிற குரோமியம், அவ்வளவு கொடியது அல்ல. ஆறு இணைதிற குரோமியம் என்று இன்னொன்று இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்குவது என்று நிரூபணமானது, தண்ணீரில் நன்றாகக் கரையும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இந்த இரண்டாவது முகம்.

ஷேவிங் தூளைக் காற்றுப்படும்படி எரித்தால் முதல் முகம் இரண்டாவது முகமாக மாறக்கூடும். நம் பிள்ளைகள் கொண்டு வந்த யோசனையில் சிக்கலே இங்கேதான். காற்று புகாமல், வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்துச் சுட்டால் அப்படி மாறாது என்பது உண்மை, அதை அவர்களே படித்துத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் மூடி சரியாகப் பொருந்தாத தார் டிரம்மில், வீட்டுக் கொல்லையில், காற்று புகவே இல்லை என்று யார் உத்தரவாதம் தருவது? அப்படிச் செய்த கரியில் குரோமியம் செறிவாக இருக்கும். அந்தக் கரியின் வழியாக இறங்கிய தண்ணீரை மத்ரஸாவில் ஏழு வயதுப் பிள்ளை குடிக்கும். கரி நாற்றத்தையும் நிறத்தையும் எடுத்துவிடும், தண்ணீர் பளிச்சென்று இருக்கும். அதுதான் பயம். கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் நாமே தள்ளி வைப்போம்.

ஆகவே குடிநீருக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்தோம். யோசனையை முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. தோல் கழிவையும் அதன் கரியையும் சாயத் தண்ணீரிலிருந்து நிறம் பிடிக்கப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுகள் உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள், கண்காணிப்போடு, பயன்படுத்திய கரியைத் திரும்ப எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது என்ற ஏற்பாட்டோடு செய்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. சென்னை அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த இளைஞர்கள் அங்கே போய் ஆலோசனை கேட்கவும், மாதிரிகளைச் சோதிக்கவும் ஆகும் செலவை அறக்கட்டளை ஏற்கும். இதை அவர்களிடமும் சொல்லிவிட்டோம். முகம் கொஞ்சம் வாடினாலும் ஒப்புக்கொண்டார்கள்.

ஓர் உபரிச் செய்தி. சோனோ வடிகட்டியில் பார்த்த அதே இரும்பு, ஆறு இணைதிற குரோமியத்தையும் அடக்கும். இரும்பு அதை மூன்று இணைதிறமாக மாற்றிவிடும், பிறகு அது கரையாமல் அங்கேயே படிந்துவிடும். அமெரிக்காவில் எலிசபெத் சிட்டி என்ற இடத்தில், கடலோரக் காவல் படைத் தளத்தில் குரோம் முலாம் பூசும் பட்டறையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கிய விஷத்தைத் தடுக்க 1996ல் ஒரு சுவர் எழுப்பினார்கள். பூமிக்குள் 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்கு மேல் ஆழம், முழுவதும் இரும்புத் துகள். நிலத்தடி நீர் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். நம் மாவட்டங்களில் இப்படி ஒரு வேலை அரசாங்க அளவில்தான் நடக்க முடியும், அறக்கட்டளையால் ஆவதில்லை. ஆனால் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்பவருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

தேங்காய்ச் சிரட்டை பற்றியும் கேள்வி வந்தது. சிரட்டைக் கரி தரத்தில் மிக உயர்ந்தது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்கே அதைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது பெரிய ஏற்றுமதித் தொழில். ஆனால் சிரட்டையைச் சுட்டால் கிடைப்பது அடுப்புக்கரி போன்ற சாதாரணக் கரி. அதை 800 டிகிரிக்கு மேல் நீராவி கொடுத்துப் பக்குவப்படுத்தினால்தான் அந்த நான்கு கிரவுண்டு திறக்கும். அதற்குச் சூளை வேண்டும், முதலீடு வேண்டும். குழி வெட்டிச் சிரட்டை சுடும் இடங்களில் புகையும், கரியை அணைக்க ஊற்றும் தண்ணீரும் பக்கத்துக் கிணறுகளைக் கெடுப்பதாகப் புகார்கள் உண்டு. ஒரு கிணற்றைச் சுத்தம் செய்ய இன்னொரு கிணற்றைக் கெடுக்கும் தொழிலுக்கு நாம் கடன் கொடுக்க முடியாது. மூடிய சூளையோடு யாராவது முறையான திட்டம் கொண்டு வந்தால் நிர்வாகக் குழு பரிசீலிக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். வீட்டு வடிகட்டியில் இருக்கும் கார்பன் கேண்டில் குளோரினையும் வாடையையும் சில பூச்சிமருந்துகளையும் பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. நம் ஊர்த் தண்ணீரில் பெரிய தொந்தரவே உப்புதான். கார்பன் மட்டும் உள்ள வடிகட்டியை வாங்கிவிட்டு உப்பு குறையவில்லை என்று பல வீடுகளில் சொல்கிறார்கள், குறையாது. ஃபுளூரைடும் அதில் குறையாது. அதோடு, ஒட்டும் இடம் எல்லாம் நிரம்பிவிட்டால் கரி வெறும் கல். மாற்ற வேண்டிய காலம் கடந்தும் அப்படியே விட்டால் அதில் கிருமி குடியேறும். கேண்டில் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். வியாபாரி போன் செய்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் நல்ல கேள்வி கேட்டார். எலும்புக் கரி வைத்தும் வடிகட்டி செய்கிறார்களாமே, அந்தத் தண்ணீர் ஒளுவுக்கு ஆகுமா, குடிக்கலாமா? ஃபுளூரைடை எடுக்க எலும்புக் கரி பயன்படுவது உண்மை. ஒரு பொருள் தன் தன்மை முழுவதும் மாறி வேறு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்பதில் ஹனஃபி மத்ஹபுக்கும் ஷாஃபிஈ மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தோல் பதனிடுதல் பற்றிய சட்டம் தெரிந்த நம் ஊருக்கு இது புரியாத விஷயம் அல்ல. எந்தப் பிராணியின் எலும்பு என்பதையும் பொறுத்தது. இதில் அறக்கட்டளை தீர்ப்புச் சொல்வதற்கில்லை. பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வந்ததும் இந்த இதழில் வெளியிடுவோம். கடைகளில் கிடைக்கும் வீட்டு வடிகட்டிகளில் பெரும்பாலும் சிரட்டைக் கரி அல்லது நிலக்கரியிலிருந்து எடுத்த கரிதான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த வடிகட்டி வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு முன், தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் யாருடைய கிணற்று நீரையும் சோதித்துத் தருகிறார்கள். கட்டணத்தில் பாதியை அறக்கட்டளை ஏற்கும், விதவைத் தாய்மார்களின் வீடுகளுக்கு முழுவதையும் ஏற்கும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கேன் மேல் பெயர், தெரு, கிணறா போரா, போரின் ஆழம் எவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். டேங்கில் பிடித்த தண்ணீர் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு ஒன்பது மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தால் அன்றே வண்டியில் சேர்த்து அனுப்புகிறோம். அந்த இரண்டு இளைஞர்கள்தான் கேன்களை வாங்கிப் பதிவு செய்யப் போகிறார்கள்.